விலக்கும் துறையின் விற்பனைக் கணக்கு

நம் அரசாங்கத்தில் ஒரு துறை உண்டு. மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறை என்பது அதன் திருநாமம். அந்தத் துறைக்கு ஒரு சட்டம் உண்டு. 1937-ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம். அந்தச் சட்டத்தின் நிழலில் ஒரு நிறுவனம் உண்டு. தமிழ்நாடு மாநில வாணிபக் கழகம் என்பது பலகையில் உள்ள பெயர், டாஸ்மாக் என்பது மக்கள் வாயில் வழங்கும் பெயர். துறையின் பெயரில் விலக்கு. சட்டத்தின் பெயரில் விலக்கு. நடக்கும் தொழிலோ விற்பனை!

ஒரு கையில் ஆயுதம், மறு கையில் அபயம் என்று வடித்த சிலைகளைக் கண்டு, "இது எப்படி ஐயா பொருந்தும்?" என்று கேட்டவர்கள் நாம். ஒரு கையில் புட்டி, மறு கையில் புத்திமதி என்று ஓர் அரசே நிற்கிறது. விற்கும் புட்டியின் மீதே, இது உயிருக்குக் கேடு என்று அச்சிட்டு ஒட்டப்பட்டிருக்கிறது. கேடு என்று அறிந்தால் விற்பானேன்? விற்பது என்று முடிவு செய்துவிட்டால் ஒட்டுவானேன்? கற்சிலையைக் கேட்ட கேள்வியைக் கருவூலத்தைக் கேட்கக் கூடாதா?

கேட்போம். ஆத்திரத்தோடு அல்ல, ஆதாரத்தோடு.

இந்தத் துறை ஆண்டுதோறும் சட்டமன்றத்தில் கொள்கை விளக்கக் குறிப்பு என்றொரு சிறு நூலை வைக்கிறது. பகுத்தறிவு பேசும் இளைஞர்கள் கட்டாயம் படிக்கவேண்டிய ஏடு அது. அதிலே மதுவின் தீமை குறித்து விழிப்புணர்வுப் பிரச்சாரம் செய்ததாக ஒரு பகுதி வரும். கள்ளச்சாராயம் காய்ச்சி மனம் திருந்தியோருக்கு மறுவாழ்வு என்று ஒரு பகுதி வரும். பிறகு ஓர் அட்டவணை வரும்: ஆயத்தீர்வை இவ்வளவு, மதிப்புக்கூட்டு வரி இவ்வளவு, ஆக மொத்தம் இவ்வளவு.

அந்த அட்டவணைதான் நூலின் உயிர்நாடி. சில்லறை விற்பனையை அரசே ஏற்ற 2003-04-இல் சுமார் 3,639 கோடி ரூபாய். 2022-23-இல் சுமார் 44,121 கோடி. 2023-24-இல் சுமார் 45,855 கோடி. 2024-25-இல் சுமார் 48,344 கோடி! விலையும் வரியும் இடையிடையே உயர்ந்தன என்பதை ஒப்புக்கொள்வோம். பண மதிப்பு குறைந்ததையும் கணக்கில் கொள்வோம். அப்படிக் கொண்டாலும், இருபது ஆண்டுகளில் பதின்மூன்று மடங்கு என்பது விலக்கும் துறையின் கணக்கல்ல. விரிவடையும் வியாபாரத்தின் கணக்கு. நாள் ஒன்றுக்கு 132 கோடி! மாநிலம் தன் சொந்த வரியாகத் திரட்டும் தொகையில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு இந்தப் புட்டிகளின் வழியே வருகிறது.

அட்டவணையைப் படித்தோம். அதில் இல்லாத அட்டவணை எது? குடியால் ஈரல் கெட்டு அரசு மருத்துவமனையில் படுத்தோர் இத்தனை பேர். குடித்துவிட்டு ஓட்டியவனால் சாலையில் மாண்டோர் இத்தனை பேர். முப்பது வயதில் தாலியிழந்தோர் இத்தனை பேர். படிப்பை நிறுத்திவிட்டுப் பட்டறைக்கும் பஞ்சாலைக்கும் போன சிறுவர் இத்தனை பேர் என்று ஒரு பக்கம் உண்டா? இல்லை. வரவுப் பக்கம் ரூபாய் கணக்கில் துல்லியமாக இருக்கிறது. செலவுப் பக்கம் வெறும் வெள்ளைத்தாள். எந்தப் பெட்டிக்கடைக்காரரும் இப்படிக் கணக்கெழுதமாட்டார்.

*

வந்த வழியைச் சற்றே திரும்பிப் பார்ப்போம்.

1921-இல் கள்ளுக்கடை மறியல் ஈரோட்டில் கொழுந்துவிட்டு எரிந்தது. நாகம்மையாரும் கண்ணம்மாளும் வீதிக்கு வந்து மறியல் செய்தனர். பெரியார் தம் தோப்பிலிருந்த ஐந்நூறுக்கு மேற்பட்ட தென்னை மரங்களை வெட்டிச் சாய்த்தார். அதே பெரியார் பின்னாளில், சட்டத்தால் திணிக்கும் மதுவிலக்கு தனி மனித உரிமையில் தலையிடுகிறது, நடைமுறையிலும் தோற்கிறது என்று கண்டித்தார். முரண்பாடு என்று சிலர் முகம் சுளிப்பர். அனுபவத்தைக் கண்டு கருத்தைச் சோதிப்பது முரண்பாடல்ல, அதுதான் பகுத்தறிவு. பெரியார் வெட்டினார் என்பதற்காக மதுவிலக்கும் வேண்டாம். பெரியார் கண்டித்தார் என்பதற்காக மதுக்கடையும் வேண்டாம். பலன் என்ன என்பதே நம் உரைகல்.

1937-இல் இராசகோபாலாச்சாரியார் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். போன வருவாயை ஈடுகட்ட 1939-இல் பொது விற்பனை வரி வந்தது. 1948-இல் மாகாணம் முழுதும் மதுவிலக்கு. அண்ணா முதலமைச்சராயிருந்தபோதும் அது நீடித்தது. 1971-இல் கலைஞர் ஆட்சியில் கடைகள் திறந்தன, 1974-இல் மூடின. 1981-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் மீண்டும் திறந்தன. 1983-இல் மொத்த விற்பனைக்காக டாஸ்மாக் பிறந்தது. 1987 தொடக்கத்தில் கள்ளுக்கும் சாராயத்துக்கும் தடை. ஆலையில் வடித்த புட்டிச் சரக்குக்குத் தடையில்லை. 1990-இல் மலிவு விலை மது வந்தது, 1991-இல் போயிற்று. 2003 நவம்பரில் செயலலிதா ஆட்சியில் சில்லறை விற்பனையும் அரசின் ஏகபோகமாயிற்று. அதற்குப் பிறகு ஆட்சிகள் மாறின, கல்லாப்பெட்டி மாறவில்லை.

இந்தப் பட்டியலில் சிரிக்கவும் சிந்திக்கவும் வேண்டிய செய்தி ஒன்று உண்டு. மது போன இடத்தை நிரப்ப வந்தது விற்பனை வரி. மது திரும்பி வந்தது. அப்போது வரி விடைபெற்றுக்கொண்டதா? இல்லை! காவலுக்கு வந்தவனும் வீட்டோடு தங்கிவிட்டான். களவுக்கு வந்தவனும் வீட்டோடு தங்கிவிட்டான். "மதுப் பணம் இல்லாவிட்டால் ஆட்சி நடக்காது" என்போர் இந்தச் செய்தியை மறக்கக்கூடாது. மதுப் பணத்துக்கு மாற்று ஒன்றை இந்த மண் 1939-இலேயே கண்டுபிடித்தது. மாற்றையும் வைத்துக்கொண்டு மூலத்தையும் வைத்துக்கொண்டதுதான் பிற்காலத்தார் சாமர்த்தியம்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடவேண்டும். மேலே கண்ட ஆண்டுகளில் 1971-க்குப் பிற்பட்டவை எல்லாம் நம் இயக்கத்தின் பெயர் சொல்லி நடந்த ஆட்சிகளின் ஆண்டுகள். ஆரியத்தின் மீதோ டில்லியின் மீதோ இந்தப் பழியைப் போட்டுவிட்டுப் படுத்துறங்க முடியாது. நம் வீட்டுக் குப்பையை நாமே கூட்டவேண்டும்.

*

கடையை நடத்துவோர் சொல்லும் வாதங்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம். எதிராளியின் வாதத்தை மறைத்துவிட்டு வெற்றி கொண்டாடும் வழக்கம் நமக்கு வேண்டாம்.

முதல் வாதம்: "தனியாரிடம் இருந்தபோது ஏலக் கூட்டணி, வரி ஏய்ப்பு, போலிச் சரக்கு. அரசு எடுத்ததால் அவை ஒழிந்தன."

இதில் உண்மை உண்டு. தனியார் ஏலத்தில் கூட்டுச் சேர்ந்து ஏலத்தொகையைக் குறைத்தது 2003 மாற்றத்துக்கு ஒரு காரணம். ஆனால் முழு உண்மையா? விற்பனை அரசிடம், வடிக்கும் ஆலைகள் தனியாரிடம், கடையை ஒட்டிய பார்கள் தனியாரிடம். வாடிக்கையாளரைத் தேடும் தொல்லை அரசுக்கு. சரக்குத் தேங்காத நிம்மதி ஆலைக்காரருக்கு! அச்சிட்ட விலைக்கு மேல் பத்து ரூபாய் கேட்கிறார்கள் என்ற முணுமுணுப்பு இருபது ஆண்டாக ஓயவில்லை. அந்தப் பத்து ரூபாயைக் கேட்கும் ஊழியர் யார்? 2003-இல் வேலைக்கு வந்து, இருபது ஆண்டு கழிந்தும் தொகுப்பூதியத்தில் நிற்கும் படித்த இளைஞர்; இன்று நரைகண்டவர். இத்தகையோர் 2025-இல் சுமார் 23,000 பேர். கோடி கோடியாக எண்ணிக் கட்டும் கைக்கு நிரந்தர வேலை இல்லை. குடிப்பவனையும் சுரண்டி, விற்பவனையும் சுரண்டும் கடைக்கு மக்கள் நல அரசின் முத்திரையா?

இரண்டாம் வாதம்: "அரசுக் கடை இல்லாவிட்டால் கள்ளச்சாராயம் ஆறாக ஓடும்."

2023 மே மாதம் மரக்காணத்தை அடுத்த மீனவர் குப்பத்திலும் செங்கல்பட்டுப் பகுதியிலும் இருபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். 2024 சூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அப்போது கடைகள் மூடியா கிடந்தன? மாநிலமெங்கும் ஏறத்தாழ 4,800 கடைகள் திறந்திருந்தன! பிறகு ஏன் அந்த ஏழைகள் பொட்டலச் சாராயத்தைத் தேடினர்? விலை. 2024 பிப்ரவரியில் சாதாரண ரகக் குவார்ட்டர் 130 ரூபாயிலிருந்து 140 ரூபாயாயிற்று. பழக்கத்தை ஊட்டியது கடை. விலையை உயர்த்தியதும் கடை. பழகிய உடலோ மலிவானதைத் தேடி ஓடியது. அங்கே காத்திருந்தது மெத்தனால். உடலுக்குள் அது ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண் நரம்பைக் கருக்கி, உயிரையும் குடிக்கும் நஞ்சு. கள்ளச்சாராயத்துக்கு அரசுக் கடை வேலி என்றனர், வேலியே வழிகாட்டிற்று.

அந்த மரணங்களுக்குப் பின் குடும்பத்துக்குப் பத்து இலட்சம் என்று அறிவித்தனர். ஆயுள் தண்டனைவரை விதிக்கலாம் என்று சட்டத்தைக் கடுமையாக்கினர். தேவையானவைதாம். ஆனால் ஒரு கேள்வி எஞ்சுகிறது. ஒரே இரவில் கொல்லும் நஞ்சுக்கு ஆயுள் தண்டனை. இருபது ஆண்டில் கொல்லும் நஞ்சுக்கு அரசு முத்திரை. கால அளவுதானா குற்றத்தின் இலக்கணம்? மது புற்றுநோய் விளைவிக்கும் பொருள் என்று உலக நலவாழ்வு நிறுவனத்தின் ஆய்வுப் பிரிவு 1988-லேயே முதல் வகையில் சேர்த்துவிட்டது. தீங்கற்ற அளவு என்று ஒன்று இல்லை என அந்த நிறுவனம் 2023-இல் எடுத்துரைத்தது. விஞ்ஞானத்தின் இந்தத் தீர்ப்பை மேடையில் போற்றிவிட்டு, மதுக்கடை வாசலில் மறந்துவிடலாமா?

மூன்றாம் வாதம்: "குடிக்கிறவன் எங்கிருந்தாலும் குடிப்பான், கடை என்ன செய்யும்?"

2020-ஆம் ஆண்டைக் கேளுங்கள். கொள்ளைநோய்க் காலத்தில் மார்ச் இறுதி முதல் நாற்பது நாட்களுக்கு மேல் கடைகள் மூடியிருந்தன. பழக்கத்துக்கு அடிமையாகிச் சிகிச்சையின்றித் தவித்தோர் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் கூலி முழுதாக வீடு வந்ததை முதன்முதல் கண்ட குடும்பங்களும் உண்டு. கோயில் திறக்கவில்லை; பள்ளி திறக்கவில்லை; மே 7 அன்று மதுக்கடை திறந்தது! ஒரே நாளில் 170 கோடி ரூபாய் என்றன செய்திகள். மறுநாளே சென்னை உயர் நீதிமன்றம் கடைகளை மூடச் சொன்னது. மாநில அரசு உச்ச நீதிமன்றத்துக்கு விரைந்தது, தடையாணை பெற்றது, மே 16 அன்று மீண்டும் திறந்தது. கூலியில்லாக் கொடுங்காலத்தில் இத்தனை வேகம் காட்டியது அரிசிக்காக அல்ல, மருந்துக்காக அல்ல, மதுவுக்காக! "குடிக்கிறவன் எங்காவது குடிப்பான்" என்பதில் அரசுக்கே நம்பிக்கை இருந்திருந்தால், கடைத் திறப்புக்கு இத்தனை அவசரம் ஏன்?

நான்காம் வாதம், முக்கியமான வாதம்: "நலத்திட்டங்களுக்குப் பணம் வேண்டாமா?"

வேண்டும். 2017-இல் சரக்கு சேவை வரி வந்தபின் மாநிலத்தின் வரி விதிக்கும் உரிமை சுருங்கியது. மதுவும் பெட்ரோலும் டீசலுமே கைவசம் எஞ்சிய பெரிய இனங்கள். இந்த நெருக்கடி மெய். அதற்காக டில்லியோடு வழக்காடுவது நம் கடமை. ஆனால் நலத்திட்டக் கணக்கை நாம் பிடித்துப் பார்க்கவேண்டும்.

மாநிலத்தில் சுமார் 2.2 கோடி குடும்ப அட்டைகள். 48,344 கோடியை அவற்றால் வகுத்தால், அட்டை ஒன்றுக்கு ஆண்டுக்குச் சுமார் 22,000 ரூபாய். இது வரி மட்டும். புட்டியின் முழு விலை அல்ல. குடிக்காத வீடுகளையும் சேர்த்துப் போட்ட சராசரி இது. குடிக்கும் வீட்டிலிருந்து போவது இன்னும் பல மடங்கு. 2023 செப்டம்பரில் மகளிர் உரிமைத் தொகை தொடங்கியது. மாதம் 1,000 ரூபாய், ஆண்டுக்கு 12,000. நல்ல திட்டம்; பெண்ணின் கையில் பணம் வேண்டும் என்று பேசியவர்கள் நாம். ஆனால் மாதம் இருபத்தைந்து நாள், நாளுக்கு ஒரு குவார்ட்டர் என்று கணவன் குடித்தால் 3,500 ரூபாய் போகிறது. மனைவியின் கைக்கு ஆயிரம் வருகிறது. கணவனின் கையிலிருந்து மூவாயிரத்து ஐந்நூறு போகிறது. உரிமைத் தொகையா இது? அவள் வீட்டிலிருந்து எடுத்ததில் ஒரு பகுதியைத் திருப்பித் தந்ததற்கு ரசீது!

இந்த வரியைச் செலுத்துவோர் யார்? செல்வர் தம் மாளிகையிலும் மன்றங்களிலும் அருந்துவது அவர் வருமானத்தில் ஒரு தூசு. கட்டடத் தொழிலாளி, சுமை தூக்குவோர், துப்புரவுத் தொழிலாளி, பனியன் பட்டறைக்காரர் ஆகியோர் செலுத்துவது கூலியில் ஒரு பங்கு. ஏழையிடம் அதிகம், செல்வனிடம் குறைவு என்று விழும் வரி பிற்போக்கு வரி. அதன்மேல் சமூகநீதிக் கோட்டை கட்டுவது சமநீதியா?

*

"சரி, முழு மதுவிலக்குத்தானே நீங்கள் கேட்பது?" என்பர். இல்லை.

1948 முதல் 1971 வரை இந்த மண்ணில் அது இருந்தது. காய்ச்சுவோரும் ஒழியவில்லை, கையூட்டும் ஒழியவில்லை. பீகாரில் 2016-இல் மதுவிலக்கு வந்தது. 2022 டிசம்பரில் சரண் மாவட்டத்தில் பலர் கள்ளச்சாராயத்தால் மடிந்தனர். சிறையில் அடைபடுவோர் அங்கும் ஏழைகளே. குடிகாரனைப் பாவி என்று பழிப்பது பழைய சமயவாதிகளின் பாட்டு. நாம் அவனை நோயாளி என்போம். நோய் பரப்பிய கையைக் கேட்போம்.

ஏகபோகம் என்பதே குற்றமா? அதுவும் இல்லை. சுவீடனைப் பாருங்கள். 1865-இல் கோதன்பர்க் நகரில் ஒரு கருத்து பிறந்தது: மது விற்பனையிலிருந்து தனி மனிதனின் இலாப ஆசையை அகற்றவேண்டும். அந்த வழியில் 1955-இல் அமைந்த சிஸ்டம்போலாகெட் என்ற அரசு நிறுவனம்தான் அங்கு வலுவான மதுவகைகளைச் சில்லறையில் விற்கிறது. இருபது வயதுக்குக் குறைந்தோர்க்கு விற்பதில்லை, ஞாயிறு விடுமுறை, விற்பனையைப் பெருக்கும் சலுகைகள் இல்லை. தீமையைக் குறைப்பதே அதன் நோக்கமாக எழுதப்பட்டிருக்கிறது. நம்மிடமும் ஏகபோகம், அவர்களிடமும் ஏகபோகம். அங்கே ஏகபோகம் கடிவாளம். இங்கே ஏகபோகம் சவுக்கு. தீபாவளி முடிந்த மறுநாள் விற்பனைத் தொகை சாதனைபோல் செய்தித்தாளில் வருவது எதைக் காட்டுகிறது?

கடையை எதிர்த்தோர்க்குக் கிடைத்தது என்ன? 2015 சூலை 31 அன்று, குமரி மாவட்டம் உண்ணாமலைக்கடையில், ஒரு மதுக்கடையை அகற்றக் கோரிக் கைப்பேசிக் கோபுரத்தில் ஏறிய காந்தியவாதி சசிபெருமாள் உயிரிழந்தார். அவ்வாண்டே மதுக்கடைக்கு எதிராகப் பாடிய மக்கள் பாடகர் கோவன் மீது இராசதுரோக வழக்கு! 2017 ஏப்ரலில் திருப்பூர் மாவட்டம் சாமளாபுரத்தில் கடை வேண்டாம் என்று திரண்ட பெண்களில் ஒருவர் கன்னத்தில் காவல் அதிகாரியின் கை விழுந்தது. நாடே அந்தக் காட்சியைக் கண்டது. நெடுஞ்சாலையோரக் கடைகளை மூடச் சொல்லி உச்ச நீதிமன்றம் 2016 டிசம்பரில் தீர்ப்பளித்தபின், ஊருக்குள் இடம் தேடி வந்த கடைகளைத்தான் அந்தப் பெண்கள் எதிர்த்தனர். பெண்ணுரிமை பேசிய மண்ணில், தன் தெருவில் மதுக்கடை வேண்டாம் என்று சொல்லும் உரிமை பெண்ணுக்கு இல்லையா?

ஆகவே தோழர்களே, நாம் கேட்கவேண்டியவை தெளிவானவை. கொள்கை விளக்கக் குறிப்பில் வரவோடு செலவும் வரட்டும்; நோய், விபத்து, மரணக் கணக்கு ஆண்டுதோறும் சட்டமன்றத்தில் வைக்கப்படட்டும். விற்கும் நிறுவனமும் தடுக்கும் துறையும் ஒரே அமைச்சரின் கீழ் இருப்பது ஒழியட்டும். விற்பனையை நலவாழ்வுத் துறை கண்காணிக்கட்டும். மது வருவாய் மொத்த வரியில் இத்தனை பங்குக்கு மேல் போகக்கூடாது என்று உச்சவரம்பு எழுதி, அதை ஆண்டுக்காண்டு இறக்கட்டும். கடை வேண்டாம் என்று ஒரு கிராமசபை தீர்மானித்தால் அது கட்டளையாகட்டும். வட்டந்தோறும் குடி நோய்க்குக் கட்டணமில்லாச் சிகிச்சை வரட்டும். மூடும் கடையின் ஊழியர்க்கு வேறு அரசுப்பணி கிடைக்கட்டும். இவற்றில் எதற்கும் அற்புதம் தேவையில்லை, துணிவு போதும்.

நம் பணி மேடையோடு முடிவதில்லை. உங்கள் ஊர்க் கடை எந்த ஆண்டு வந்தது, அதற்குப் பின் எத்தனை பேர் மாண்டனர், எத்தனை பிள்ளைகள் படிப்பை விட்டனர் என்று வீடு வீடாகச் சென்று கணக்கெடுங்கள். அரசு எழுதாத அட்டவணையை நீங்கள் எழுதுங்கள். எழுதி, வாக்குக் கேட்டு வரும் எக்கட்சியாரிடமும் நீட்டுங்கள். நம் கட்சியார் என்று விட்டுவிடாதீர்கள்.

அட்டவணையை நீட்டும்போது ஒரு சொல்லும் சேர்த்துச் சொல்லுங்கள்: "ஐயா, துறையின் பெயரை மாற்றுங்கள், அல்லது துறையின் தொழிலை மாற்றுங்கள். இரண்டில் ஒன்றாவது உண்மையாக இருக்கட்டும்."